சிறு படகின் எரிபொருள் தாங்கியை மாற்றுதல்

இந்தப் பாடம் மன்னார் தீவிலும் அதை அடுத்த கரையிலும் மீண்டும் கடற்றொழிலுக்குப் போகத் தயாராகும் குடும்பங்களுக்கானது. நீங்கள் புத்தளத்தில் இருந்து எருக்கலம்பிட்டிக்கோ சிலாவத்துறைக்கோ திரும்பியிருக்கலாம். மண்டபம் முகாமில் இருந்து பேசாலைக்கோ தலைமன்னாருக்கோ வந்திருக்கலாம். வன்னிக்குள் பல இடம் மாறி, கடைசியில் விடத்தல்தீவுக்கோ தேவன்பிட்டிக்கோ வந்து சேர்ந்திருக்கலாம். எங்கிருந்து வந்திருந்தாலும் தொழிலை மீண்டும் தொடங்கும்போது வரும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் படகையும் இந்த எஞ்சினையும் நம்பிக் கடலுக்குப் போகலாமா?

எஞ்சினைப் பற்றி எல்லோரும் கேட்கிறோம். வலையைப் பற்றிக் கேட்கிறோம். எரிபொருள் தாங்கியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. "எண்ணெய் ஊற்றுகிற கான்தானே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று தாங்கி. தாங்கிக்குள் இருக்கும் துருவும் தண்ணீரும் அழுக்கும்தான் நல்ல எஞ்சினைக்கூட நிறுத்திவிடுகின்றன. எஞ்சினோடு ஒப்பிட்டால் தாங்கி விலை குறைந்த பொருள். அதைக் கரையில் வைத்து ஒரு காலைப் பொழுதில் மாற்றிவிடலாம்.

எஞ்சின் நின்றால் என்ன நடக்கும்?

சோளகக் காலத்தில், அதாவது வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, காற்று தென்மேற்கில் இருந்து வீசும். தீவின் வடக்குப் பக்கத்தில், பேசாலைப் பக்கம் தொழில் செய்பவருக்கு அது கரையில் இருந்து கடலை நோக்கி வீசும் காற்று. வாடைக் காலத்தில் இதற்கு எதிர்மாறு. தாழ்வுபாடு, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்தில் இருப்பவர்களை வாடை கரையில் இருந்து வெளியே தள்ளும். எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் போகும் பக்கம்தான் போகும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்ட கடல் எல்லை அந்த இடைவெளியின் ஊடாகப் போகிறது. எல்லை தெரியாமல் அள்ளுப்பட்டுப் போனவர், பிடிபட்டால் மீன், வலை, படகு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். வீட்டில் இருப்பவர்கள் நாட்கணக்காகக் காத்திருக்க வேண்டிவரும். இத்தனை காலம் அலைந்து ஊருக்கு வந்த குடும்பத்துக்கு இன்னொரு பிரிவு வேண்டாம்.

முதலில் பகுதிகளை அறிந்துகொள்ளுங்கள்

உங்கள் படகு 17, 18 அடி பைபர் படகாகவும், எஞ்சின் பின்பலகையில் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சினாகவும் இருந்தால், எரிபொருள் போகும் வழி இதுதான்:

தாங்கி. பிளாஸ்ரிக் அல்லது உலோகத்தில் செய்தது. கடையில் வாங்கும் தாங்கிகளில் 12 லீற்றர், 24 லீற்றர் அளவுகள் வழக்கமானவை.

மூடி. அதன் மேல் சிறிய காற்றுத் திருகு ஒன்று இருக்கும். எரிபொருள் வெளியே போகும்போது அதன் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். திருகு மூடியிருந்தால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

உறிஞ்சு குழாய். தாங்கியின் அடிவரை போகும். நுனியில் சிறிய வலை வடி இருக்கும்.

றப்பர் குழாயும் கைப்பம்பும். குழாயின் நடுவில் உள்ள றப்பர் உருண்டைதான் கைப்பம்பு. அதில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு எஞ்சின் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

எஞ்சினின் வடி. தாங்கியில் இருந்து தப்பி வரும் அழுக்கைப் பிடிப்பது.

பழைய தாங்கியை வைத்திருக்கலாமா?

ஊரைவிட்டுப் போகும்போது ஒளித்துவைத்த தாங்கி, யாரோ பாவித்து விற்ற தாங்கி, பாழடைந்த வாடியில் கிடந்த தாங்கி என்று பல விதமாகத் தாங்கிகள் கைக்கு வருகின்றன. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தாங்கியை மாற்றுங்கள்.

உலோகத் தாங்கி என்றால்: வெளியே நிறப்பூச்சு கொப்புளித்திருக்கிறது; அடிமூலைகளில் துரு இருக்கிறது; பகல் வெளிச்சத்தில் வாய் வழியாகப் பார்த்தால் உள்ளே செம்மண் நிறம் தெரிகிறது. உள்ளே பார்க்க ஒருபோதும் தீக்குச்சி, விளக்கு, லைற்றர் பிடிக்காதீர்கள்.

பிளாஸ்ரிக் தாங்கி என்றால்: வெயிலில் வெளுத்திருக்கிறது, விரலால் தேய்த்தால் மா போல ஒட்டுகிறது, பெருவிரலால் அழுத்தும்போது நொறுங்கும் சத்தம் கேட்கிறது, பொருத்துகளில் மயிரிழை வெடிப்புத் தெரிகிறது.

எந்தத் தாங்கி என்றாலும்: மூடி இறுகவில்லை, காற்றுத் திருகு அசையவில்லை, வெறும் தண்ணீர்க் கானின் மூடியில் துளை போட்டுக் குழாயைச் செருகியிருக்கிறது. அந்தத் துளைக்குள்தான் கடல் நீரும் புகும். தண்ணீர் எரிபொருளைவிடப் பாரமானது. அது அடியில் போய் நிற்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான்.

தண்ணீர் இருக்கிறதா என்று அறிய, தாங்கியின் அடியில் இருந்து கொஞ்ச எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். அடியில் வேறாக ஒரு படை தெரிந்தால் அது தண்ணீர்.

வெடிப்பைத் தார், சோப்பு, பசை கொண்டு அடைத்து ஓடுபவர்கள் உண்டு. எரிபொருளோ தண்ணீரோ அவற்றைக் கரைத்துவிடும். கரைந்தது வடியில் போய் அடைக்கும். உலோகத் தாங்கியை ஒட்டுவேலைக்குக் கொடுக்காதீர்கள். வெறுமையான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. மீளக்குடியேறும் இடங்களில், கைவிடப்பட்ட வளவுகளிலும் பற்றைகளிலும் கிடக்கும் பீப்பாய், தகரம், தாங்கி எதையும் தொடாதீர்கள், இழுக்காதீர்கள். அருகே வெடிபொருள் இருக்கலாம். இடத்தை நினைவில் வைத்து, போன வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

எவ்வளவு பெரிய தாங்கி வேண்டும்?

மற்றவரைக் கேட்டு வாங்காமல், உங்கள் எஞ்சின் குடிக்கும் அளவை நீங்களே அளந்து பாருங்கள். தாங்கியை ஒரு குறிவரை நிரப்புங்கள். கரையோரமாக, வழக்கமான வேகத்தில், ஒரு மணித்தியாலம் ஓடுங்கள். திரும்பி வந்து அதே குறிவரை மீண்டும் நிரப்புங்கள். ஊற்றிய அளவுதான் ஒரு மணித்தியாலச் செலவு.

பிறகு மூன்று பங்குக் கணக்கைப் பாவியுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு காற்று எதிர்த்தால் பாவிக்க. உதாரணமாக, உங்கள் எஞ்சின் மணித்தியாலத்துக்கு 5 லீற்றர் குடிக்கிறது, தொழில் இடத்துக்குப் போக 2 மணித்தியாலம் எடுக்கிறது என்று வைப்போம். போக 10 லீற்றர், வர 10 லீற்றர், மிச்சத்துக்கு 10 லீற்றர். மொத்தம் 30 லீற்றர். 24 லீற்றர்த் தாங்கி ஒன்று இதற்குப் போதாது. இரண்டாவது தாங்கி ஒன்று வேண்டும், அல்லது கிட்டிய இடத்தில் தொழில் செய்ய வேண்டும்.

வாங்கும்போது படகு எஞ்சினுக்கென்று செய்த தாங்கியையே வாங்குங்கள். குழாயின் முனைப்பூட்டு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். யமஹா பூட்டு சுசுக்கிக்குப் பொருந்தும் என்று எண்ணி வராதீர்கள். பழைய குழாயைக் கையில் கொண்டுபோனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாங்கியை மாற்றும்போது குழாயையும் கைப்பம்பையும் சேர்த்து மாற்றுவது நல்லது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் எரிபொருளுக்கு உதவாது. அது இறுகி வெடித்துவிடும்.

மாற்றும் முறை

1. எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆற விடுங்கள். படகைக் கரையேற்றுங்கள். அடுப்பு, பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது மேலே போகாமல் படகின் அடியில் தேங்கி நிற்கும்.

2. எஞ்சின் பக்கத்தில் குழாயைக் கழற்றுங்கள். பிறகு தாங்கியைப் படகில் இருந்து வெளியே எடுத்து, நிலத்தில் வையுங்கள்.

3. உள்ளே இருக்கும் எரிபொருளைப் புனல் வைத்து ஒரு கானில் ஊற்றுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். மண்ணெண்ணெய் ஒரு மிடறு நெஞ்சுக்குள் போனாலும் சுவாசப்பை பழுதாகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது அது மீண்டும் நெஞ்சுக்குள் போகும். இருமல் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

4. படகின் அடியில் சிந்திக் கிடக்கும் எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காய விடுங்கள்.

5. புதிய தாங்கிக்குள் தூசி, பிளாஸ்ரிக் துணுக்கு இருக்கலாம். கொஞ்சம் சுத்தமான எரிபொருளை ஊற்றிக் குலுக்கி வெளியே எடுங்கள். தண்ணீரால் கழுவாதீர்கள்.

6. குழாயைப் பொருத்துங்கள். அம்புக்குறி எஞ்சின் பக்கம். இரு முனைகளையும் துருப்பிடிக்காத கிளிப் போட்டு இறுக்குங்கள். கம்பியால் முறுக்கிக் கட்டினால் அது றப்பரை வெட்டும்.

7. தாங்கிக்குப் படகின் பின்பக்கத்தில் நிரந்தரமான ஓர் இடம் கொடுங்கள். அடியில் றப்பர்த் துண்டு விரித்து, அசையாமல் பட்டியால் கட்டுங்கள். நங்கூரமும் வலைக் கல்லும் உருண்டு வந்து இடிக்காத இடமாக இருக்கட்டும். இரவுத் தொழிலுக்குப் பற்றரி கொண்டுபோனால் அதைத் தாங்கிக்கு எட்ட வையுங்கள். வெயில் நேரே படாமல் மறைப்புப் போடுங்கள்.

8. எஞ்சினை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். குழாய் இழுபடவோ மடிபடவோ கூடாது.

9. எஞ்சினின் வடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதியது போடுங்கள். பழைய தாங்கியின் துரு அதில்தான் இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் புதிய தாங்கி வாங்கியும் பயன் இல்லை.

நிரப்பும்போது தாங்கியைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். வலை வைத்த புனலைப் பாவியுங்கள். வாய்வரை நிரப்பாதீர்கள். வெயிலில் எரிபொருள் பெருகும். 24 லீற்றர்த் தாங்கியில் 2 லீற்றர் அளவு இடம் விடுங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள்

உங்கள் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது என்றால் இரண்டு எரிபொருள் உண்டு. பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சில நிமிடம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். கரைக்கு வந்து நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சின் இலகுவாக எழும்பும். புதிய தாங்கி வந்த சந்தோஷத்தில் இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள். பெற்றோல் மூடிக்குச் சிவப்பு, மண்ணெண்ணெய் மூடிக்கு நீலம் என்று நிறம் பூசிவிடுங்கள். இருட்டில் தெரிய, ஒன்றில் கயிறும் சுற்றிவையுங்கள்.

எரிபொருளுடன் ஒயில் கலக்கும் எஞ்சின் என்றால், அளவு உங்கள் எஞ்சினின் கைநூலில் உள்ளபடி இருக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 24 லீற்றருக்கு 480 மில்லிலீற்றர். முப்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 33 மில்லிலீற்றர். கைநூல் தொலைந்திருந்தால், அதே எஞ்சின் விற்கும் இடத்தில் கேட்டு, தாங்கியின் பக்கத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள்.

கடலுக்குப் போகமுன் மூன்று சோதனைகள்

கரையில்: காற்றுத் திருகைத் திறவுங்கள். கைப்பம்பு இறுகும்வரை அழுத்துங்கள். 10 நிமிடம் விட்டுவிட்டு எல்லாப் பொருத்துகளையும் உலர்ந்த கடதாசியால் துடைத்துப் பாருங்கள். ஈரமோ மணமோ இருந்தால் மீண்டும் பொருத்துங்கள்.

கரையோரத் தண்ணீரில்: 15 நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள்.

கரை தெரியும் தூரத்தில்: ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். இன்னொரு படகு கூட வரட்டும். முதல் நாளே வலையோடு தூரம் போகாதீர்கள்.

கடலில் எஞ்சின் நின்றால்

முதலில் நங்கூரம் போடுங்கள். எஞ்சினைப் பார்ப்பது அதற்குப் பிறகு. தீவுக்கு வடக்கே உள்ள பாக்கு நீரிணைப் பக்கக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றருக்கும் குறைவு. போதிய கயிறு இருந்தால் நங்கூரம் பிடிக்கும். தெற்கே மன்னார் வளைகுடாவில் வெளியே போகப் போக ஆழம் கூடும். அங்கே தாமதித்தால் நங்கூரம் தரை தொடாது. நங்கூரம் பிடித்தபின் கைப்பம்பைப் பாருங்கள்.

கைப்பம்பு உள்ளே சப்பி ஒட்டியிருந்தால், எரிபொருள் வரும் வழியில் அடைப்பு. காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு அழுத்தியும் கைப்பம்பு இறுகாவிட்டால், எங்கோ காற்று புகுகிறது, அல்லது தாங்கியில் எரிபொருள் இல்லை. கிளிப்புகளை இறுக்குங்கள்.

கைப்பம்பு இறுகியும் எஞ்சின் இருமி இருமி நின்றால், தண்ணீரோ அழுக்கோ போயிருக்கலாம். வடியைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பின்னரே எரிபொருளில் கை வையுங்கள்.

பழைய தாங்கியும் பழைய எண்ணெயும்

இது வீட்டில் உள்ள எல்லோருக்குமான பகுதி. பழைய தாங்கியில் இருந்து எடுத்த எண்ணெயை மண்ணெண்ணெய் என்று நினைத்துக் குப்பி விளக்கிலோ அடுப்பிலோ ஊற்றாதீர்கள். அதில் பெற்றோல் கலந்திருக்கலாம். பெற்றோல் கலந்த குப்பி விளக்கு தீப்பற்றி வெடிக்கும். கூடாரத்திலும் ஓலைக் கொட்டிலிலும் இருக்கும் குடும்பத்துக்கு அதில் இருந்து தப்பிக்க நேரம் கிடைக்காது.

எரிபொருளைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும்.

பழைய தாங்கியை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்குப் பாவிக்காதீர்கள். பாத்திரம் குறைவான வீடுகளில் இந்த எண்ணம் வருவது இயல்பு. தண்ணீர்க் கான் தேவை என்றால் எங்கள் வெளிக்கள அலுவலரிடம் கேளுங்கள்.

பழைய எண்ணெயை வளவில் ஊற்றாதீர்கள். மன்னார் தீவின் நல்ல தண்ணீர் மணலுக்குக் கீழே, ஆழமில்லாத கிணறுகளில் இருக்கிறது. இன்று மணலில் ஊற்றியது நாளை உங்கள் கிணற்றில் மணக்கும். மூடிய கானில் சேர்த்து, வாகனம் திருத்தும் இடத்தில் கொடுக்கலாம்.

வீட்டில் எழுதிவைக்க வேண்டியவை

ஒவ்வொரு முறையும் படகு போகும்போது நான்கு விடயங்களை வீட்டில் ஒருவர் கொப்பியில் எழுதட்டும்: எத்தனை பேர் போகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை லீற்றர் கொண்டுபோகிறார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள். நேரம் தப்பினால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடற்படைக்கும் சொல்ல இந்த நான்கும் வேண்டும். "காலையில் போனவர், இன்னும் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் எங்கே தேடுவது?

படகில் துடுப்பு, நங்கூரமும் கயிறும், உயிர்காப்பு அங்கி, டோர்ச் லைற், விசில், குடிதண்ணீர், பொலித்தீனில் சுற்றிய தொலைபேசி இருக்க வேண்டும். இன்னும் படகைப் பதிவு செய்யாதவர்கள் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. எங்கள் கரையில் எத்தனை படகுகள் துளை போட்ட கானில் ஓடுகின்றன?

2. என் எஞ்சின் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் குடிக்கிறது? நானே அளந்தேனா?

3. கணவனை இழந்து, படகைக் கூலிக்கு விட்டிருக்கும் பெண்களின் தாங்கிகளை யார் பார்க்கிறார்கள்? சங்கம் ஒரு நாளை ஒதுக்கிப் பார்க்கலாமா?

4. தாங்கியும் குழாயும் வடியும் எல்லோருக்கும் வேண்டும் என்றால், ஒவ்வொருவராக வாங்காமல் சங்கம் சேர்த்து வாங்கலாமா?

5. எஞ்சின் நின்றவுடன் நான் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஐந்தாவது கேள்விக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளையும் உங்களோடு படகில் வரலாம்.